மாமாவின் எடை பதினேழு கிலோ

என் மாமனாரும் என் மகனும் ஒரே ஆள்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிற்காமல் கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். தூக்கக் கலக்கத்தில் செய்யவில்லை. மோர்க்குழம்பு சாப்பாடு முடிந்து, நல்ல நினைவோடு, சம்பளம் வாங்குகிற வேலையாகவே செய்தேன். (தூக்கக் கலக்கம் என்றிருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது சௌகரியமாக இருந்திருக்கும்.)

இது நடந்து நாலு வருஷமாகிறது. அப்போது தி. நகரில், ஒரு ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். மருத்துவமனைகளுக்கான மென்பொருள். நோயாளியின் பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். டாக்டர் ஒரு மருந்தின் பெயரைத் தட்டினால், எடைக்கேற்ற அளவை அதுவே நிரப்பும். ஒத்துக்கொள்ளாத மருந்தாக இருந்தால் திரை சிவப்பாகிக் கத்தும். நல்ல விஷயம்தான். இன்றைக்கும் அதே தொழிலில்தான் இருக்கிறேன், இன்றைக்கும் நல்ல விஷயம் என்றுதான் நம்புகிறேன். அன்றைக்குக் கோளாறு மென்பொருளில் இல்லை, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் இருந்தது.

அவளுக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கீரை வாங்கப் போனால்கூட கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும். மயிலாப்பூரில், லஸ் பக்கம் எங்கள் குடும்பமே வழக்கமாகப் போகும் நர்சிங் ஹோமுக்குப் பேசிப் பேசி அந்த மென்பொருளை விற்றதும் நான்தான். டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் நான்தான். "நீங்க ஒண்ணும் டைப் பண்ண வேண்டாம் டாக்டர், அது நிரப்பித் தரும், நீங்க பச்சை பட்டனை அழுத்தினா போதும்" என்று ஒருவர் விடாமல் சொல்லியிருந்தேன்.

இனி என் மாமனார். அப்போது வயது எழுபத்து நாலு, ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். தங்கமான மனிதர். ஒரே ஒரு பழக்கம்: டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டால் பதில் அவருடைய இருபத்திரண்டாவது வயதிலிருந்து ஆரம்பிக்கும். திருவல்லிக்கேணியில் குடியிருந்தபோது காலில் கட்டி வந்தது, அதற்கு ஒரு கம்பவுண்டர் பென்சிலின் ஊசி போட்டார், ஊசியை எடுப்பதற்குள் இவர் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிப்போய், கண் இரண்டும் காணாமல்போய், ரிக்‌ஷாவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இதை டாக்டரிடம் சொல்வார், நர்ஸிடம் சொல்வார், ரத்தம் எடுக்க வரும் பையனிடம் சொல்வார், பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவர் காது கொடுத்தால் அவருக்கும் சொல்வார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருப்பார். அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், அவர் கையெழுத்தில், "பென்சிலின் கூடாது. கூடவே கூடாது."

எனக்கு வெட்கமாக இருக்கும். வெளியே இருபது பேர் காத்திருக்க, உள்ளே ரிக்‌ஷா இன்னும் பெரியாஸ்பத்திரியை எட்டியிருக்காது.

மென்பொருள் வந்த வாரம் அவரிடம் சொன்னேன்.

"மாமா, இனிமே நீங்க அங்க போய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு."

"பென்சிலினையுமா?"

"முதல்ல ஏத்தினதே அதைத்தான் மாமா."

"அப்போ ஃபைல்?"

"தேவையே இல்லை. லாஃப்ட்ல போட்டுடலாம்."

அவர் ஃபைலை என்னிடம் கொடுத்தார். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தார். ஆனால் மருமகள் படித்தவள், கழுத்தில் அட்டை வேறு தொங்குகிறது, சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நானே நாற்காலி போட்டு ஏறி ஃபைலை லாஃப்டில் வைத்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நர்சிங் ஹோமின் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவு இருந்தது. காய்ச்சலுக்கு வந்தபோது ஒன்று, கண் காட்ட வந்தபோது ஒன்று என்று ஆளாளுக்குப் புதிதாக எழுதி வைத்திருந்தார்கள். அதையெல்லாம் ஒன்று சேர்க்க நான் ஒரு விதி எழுதினேன். பெயர், இனிஷியல், போன் நம்பர், வீட்டு முகவரி நாலும் ஒத்துப்போனால் ஒரே ஆள். சேர்த்துவிடு. எடை, ஒவ்வாமை மாதிரி விவரங்களில் கடைசியாக எழுதியது எதுவோ அதை வைத்துக்கொள்.

எங்கள் முதலாளி பிரபாகர் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வயசைப் பார்க்க வேண்டாமா கலை?"

நான் சிரித்தேன். "நம்ம ஊர்ல வயசை நம்ப முடியாது சார். எங்க மாமனாருக்கே ஜாதகத்துல ஒரு பிறந்த நாள், ஸ்கூல் சர்டிஃபிகேட்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு."

உதாரணத்துக்குக்கூட அவரைத்தான் இழுத்திருக்கிறேன். அப்போதும் உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் இருக்கிறது. என் மாமனார் பெயர் எஸ். வரதராஜன். அவருடைய அப்பா சௌந்தரராஜன். பிள்ளைக்குத் தன் அப்பா பெயரை வைத்தார் என்பதால் என் கணவரும் சௌந்தரராஜன். எனக்குப் பிள்ளை பிறந்தபோது தாத்தா பெயரை வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் நான். (நான் சைதாப்பேட்டைப் பெண். காதல் கல்யாணம். மாமனார் மனதைப் பிடிக்க இதைவிடக் குறுக்கு வழி தெரியவில்லை.) ஆக என் மகனும் எஸ். வரதராஜன். ஒரே வீடு. இருவருக்கும் கொடுத்திருந்தது என் போன் நம்பர்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதே இல்லை. மாமனாரை மருமகள் எப்படிப் பெயர் சொல்வாள்? அவர் 'மாமா'. சரி, பிள்ளையைக் கூப்பிடலாமே என்றால், "டேய் வரதராஜா, சட்டையைப் போடுடா, அடி வாங்குவ" என்று கூடத்தில் நின்று நான் கத்த, அங்கே ஈஸிசேரில் அசல் வரதராஜன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதனால் பிறந்த பதினோராம் நாளே அவன் 'சிட்டு' ஆகிவிட்டான். தாத்தா பெயரை ஆசையாக வைப்பது, வைத்த கையோடு அதைக் கூப்பிட முடியாமல் வேறு பெயர் தேடுவது, இது பாதி மயிலாப்பூரில் நடக்கிற கதைதான். வீட்டில் எனக்கு ஒரு மாமா உண்டு, ஒரு சிட்டு உண்டு, வரதராஜன் என்று யாரும் கிடையாது. யு.கே.ஜி. நோட்டு அட்டையில் என் கையாலேயே அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

விதியை ஓட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன வாரம் தடுப்பூசிக்குப் போன சிட்டுவின் எடை பதினேழு கிலோ, ஒவ்வாமை எதுவும் இல்லை. கடைசியாக எழுதியது அதுதான் என்பதால், என் மாமனாரின் எடை பதினேழு கிலோ ஆனது. ஒவ்வாமை எதுவும் இல்லை என்றானது. ஆதார் இணைத்திருந்த காரணத்தால் வயது மட்டும் அவருடையதே தங்கிவிட்டது. "வேலை முடிந்தது" என்று கட்டைவிரல் படத்தோடு பிரபாகர் சாருக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை தி. நகரில், பாண்டி பஜார் பக்கம் இருந்த இன்னொரு மருத்துவமனையில் எங்கள் மென்பொருளைக் காட்ட நானும் பிரபாகர் சாரும் போயிருந்தோம். பெரிய டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சுவரில் என் லேப்டாப் திரை பெரிதாகத் தெரிந்தது. நான் உற்சாகமாக, "மனிதத் தவறுக்கு இங்கே இடமே இல்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (சத்தியமாக இதே வார்த்தைகள்.) என் போனுக்கு வரும் செய்திகள் லேப்டாப்பிலும் வரும்படி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து டிங் என்று, டாக்டர் மருந்து எழுதியதும் எங்கள் மென்பொருள் நோயாளிக்கு அனுப்பும் செய்தி ஒன்று வந்து, சுவர் முழுக்க விரிந்தது.

"எஸ். வரதராஜன். வயது 74. எடை 17 கிலோ. ஒவ்வாமை: இல்லை. மருந்து: அமாக்சிசிலின் சிரப், ஸ்ட்ராபெர்ரி, வேளைக்கு 5 மில்லி, தினம் மூன்று வேளை, உணவுக்குப் பின். விரைவில் நலம் பெற வாழ்த்துகள்."

பெரிய டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எழுபத்து நாலு வயசு, பதினேழு கிலோவா? யாரும்மா இது, எலும்புக்கூடா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரோ பாவம் என்று நினைத்துத்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெயரை மறுபடி படித்தேன். நல்ல பெயராக இருக்கிறதே, எங்கேயோ எழுதியிருக்கிறோமே என்று தோன்றியது. நோட்டு அட்டை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான், காலையில் மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல் வலிக்கறது கலை, ஈறு வீங்கிண்டிருக்கு, லஸ் பக்கம் போய்க் காட்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கும் பிறகு அமாக்சிசிலின் பென்சிலின் வகை என்பது ஞாபகம் வந்தது. இந்த நாலும் ஞாபகம் வர எத்தனை நொடி ஆனது என்று தெரியாது. என் சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு இருந்தது.

"ஐயோ, மாமா!" என்றேன்.

"யாரு?" என்றார் பெரிய டாக்டர்.

"அந்த எலும்புக்கூடு சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செருப்பை வாசலில் விட்டிருந்தேன். அது அங்கேயே நின்றுவிட்டது.

படியில் இறங்கும்போதே மாமாவின் போனுக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். நர்சிங் ஹோமில் போனை அணைக்கச் சொல்லி ஒரு போர்டு உண்டு, அந்தப் போர்டை மதிக்கிற ஒரே மனிதர் அவர்தான். நர்சிங் ஹோம் நம்பருக்கு அடித்தேன். பிஸி. மறுபடி அடித்தேன். பிஸி. (ஏன் பிஸி என்று பிறகு தெரிந்தது. புதுக் கம்ப்யூட்டரில் ஏதோ சந்தேகம் வந்து அவர்கள் எங்கள் கம்பெனியின் உதவி எண்ணில் காத்திருந்திருக்கிறார்கள். அங்கே "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று இருபது நிமிஷமாக ஒரு குரல் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. பதிவு செய்த குரல். என்னுடையது.)

ஆட்டோ கிடைத்தது. பதற்றம் வந்தால் என் வாயில் சைதாப்பேட்டை வந்துவிடும்.

"லஸ்ஸாண்ட போணும்பா, சீக்கிரம் போ, உயிர் போற அவசரம்."

"இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"மாமனாருக்கு மருந்து மாத்திக் குட்த்துட்டாங்கபா."

ஆட்டோக்காரருக்கு என்னைவிடக் கோபம் வந்தது. "எவன்க்கா அவன்? இன்னாத்த பாத்துக்கினு மருந்து குடுக்கறானுங்க? நீ வா, நானும் உள்ள வர்றேன், ரெண்டுல ஒண்ணு பாத்துர்லாம்."

"நான்தான்பா" என்றேன்.

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் லஸ் வரும்வரை ஹாரனை மட்டும்தான் அடித்தார்.

எல்டாம்ஸ் ரோட்டில் நின்றோம். ஆழ்வார்பேட்டையில் நின்றோம். மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றி விட்டிருந்ததில், போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தும் நாலு தெரு சுற்றினோம். கணவருக்கு அடித்தால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று தானாக ஒரு செய்தி வருகிறது. ரிக்‌ஷாவில் முகம் வீங்கிக் கிடந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பையனை நூறு தடவை கேட்டு நூறு தடவையும் கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவனை நினைத்துப் பயந்தேன். இப்போது அவனுக்கு எழுபத்து நாலு வயது. இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வேறு இருக்கிறது.

நர்சிங் ஹோமுக்குள் ஓடினேன். வரவேற்பில் ஸ்டெல்லா சிஸ்டர். சாந்தோம் பக்கத்துக்காரர், பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறார், காதில் போனை வைத்துக்கொண்டு என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், மாமா எங்க?"

"இன்னாம்மா, செருப்புகூட இல்லாம வந்துக்கினு கீற? பெரியவரு அப்பவே மருந்து வாங்கிக்கினு பூட்டாரே. இன்னிக்கு ஒரு கதையும் சொல்லல. நானே கேட்டேன், இன்னா சார் உடம்பு சரியில்லையான்னு."

உள்ளே புதிதாக வந்திருந்த இளம் டாக்டர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "மேடம், சிரப்புன்னு வந்தப்போ நானும் ஒரு செகண்ட் யோசிச்சேன். வெளியே நாப்பது பேர். நீங்கதான் பச்சை பட்டனை..."

"தெரியும் டாக்டர்" என்றேன். அவர் முடிப்பதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"அவரும் ஒண்ணு கேட்டார் மேடம். 'எல்லாம் இதுல இருக்கோல்லியோ'ன்னு. நான் எல்லாம் இருக்கு சார்னு சொன்னேன்."

கீழே மருந்துக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பவுடரில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, சிரப் தயார் பண்ணி, மூடியில் ஐந்து மில்லி கோட்டையும் காட்டிக் கொடுத்திருக்கிறார். "பெரியவருக்கு மாத்திரை முழுங்க முடியலைபோலன்னு நினைச்சேம்மா. சாப்ட்டுட்டுத்தான் குடிக்கணும்னு சொன்னேன். அப்போ ரெண்டு இட்லி சாப்ட்டுடறேன்னு மாட வீதிப் பக்கம் போனார்."

டாக்டர் ஒருத்தர், கடைக்காரர் ஒருத்தர், சிஸ்டர் ஒருத்தர். மூன்று பேருக்கும் ஏதோ இடித்திருக்கிறது. மூன்று பேரும் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கிறார்கள். அப்படி நினைக்கும்படி அவர்களைப் பழக்கியது யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தேன்.

தெற்கு மாட வீதியில் அவர் வழக்கமாகப் போகும் டிபன் கடை எனக்குத் தெரியும். நின்றுகொண்டே சாப்பிடும் கடை. பதினோரு மணிக்கு அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வாசலில் நின்றபடி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மாமா!"

கடையில் இருந்த அத்தனை மாமாக்களும் திரும்பினார்கள். இருபது பேருக்குக் குறையாது. காபி டம்ளரோடு திரும்பினவர், வாயில் வடையோடு திரும்பினவர், பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தவர். திரும்பாத ஒரே மாமா என் மாமா. கடைசியில், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கவனமாகச் சிரப்பை அளந்துகொண்டிருந்தார்.

"மாமா! மாமா!" ஊஹூம். மூடி வாய்க்குப் போகிறது.

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட உச்சரிக்காதது.

"வரதராஜா! டேய்! குடிக்காதே!"

அந்த 'டேய்' எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கடை ஸ்தம்பித்தது. செருப்பில்லாத, தலை கலைந்த ஒரு பெண். சின்ன பாட்டிலும் மூடியுமாகச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும் ஒரு பெரியவர். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருந்தவர், "இந்த வயசுல இது தேவையா சார்?" என்று அவரைப் பார்த்துக் கேட்டேவிட்டார்.

மாமா திரும்பினார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வா கலை. காபி சாப்பிடறியா?"

நான் மூடியைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவரின் பொங்கலில் போய் விழுந்தது. "மாமா, குடிச்சுட்டீங்களா? சொல்லுங்க, குடிச்சீங்களா?"

"ஒரு மூடி ஆச்சும்மா. ஸ்ட்ராபெர்ரி, நன்னா இருந்தது. அஞ்சு மில்லி என் உடம்புக்கு எந்த மூலைக்குன்னு, ரெண்டாவது எடுத்துக்கறேன்."

"மாமா, அது பென்சிலின்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. திகைத்துப்போய், ஒரு குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னியேம்மா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோக்காரர் காசு வாங்காமல் என் பின்னாலேயே வந்து தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். மறுபேச்சுப் பேசாமல் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் மாமா கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பிறகு முழங்கையை. "லேசா அரிக்கறதும்மா, ஒண்ணுமில்லை, பயப்படாதே" என்றார். அந்தப் 'பயப்படாதே'வில் அவர் நாக்கு தடித்துக் குழறியது.

ஸ்டெல்லா சிஸ்டர் கட்டிலைத் தயாராக வைத்திருந்தார். அந்த இளம் டாக்டர் ஓடி வந்தார். ஊசி, ஆக்ஸிஜன், டிரிப்ஸ், விரலில் ஒரு கருவி. உதடு வீங்கியிருந்தது, மார்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெஷினில் ஓடும் ஆக்ஸிஜன் எண்ணை மட்டும் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. மறுபடி தொண்ணூற்றொன்று. எத்தனையோ நாள் எண்களோடுதான் வேலை செய்திருக்கிறேன், ஒரு எண் ஏற வேண்டும் என்று அப்படி வேண்டிக்கொண்டது கிடையாது.

தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழு.

"பெரியவரு தப்பிச்சிட்டாரும்மா" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். "நீ அந்தக் கட்டில வுடு. ஆடுது."

அப்போதுதான் அழுதேன். சும்மா கண்ணீர் விட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்று இரங்கல் சொல்லத் தயாராகும் அளவுக்கு அழுதேன்.

பிரபாகர் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் உடனே என் விதியை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய பதிவுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். பார்த்தால், மயிலாப்பூரின் தாத்தா பேரன்களை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாதக் குழந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. எண்பது வயதுக்காரர் ஒருவருக்குப் போலியோ சொட்டு மருந்து பாக்கி இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள், அந்த இரண்டு நாளில் வந்துபோன ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் சிஸ்டரும் போன் செய்தோம். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. என் வேலை போகவில்லை, ஆனால் அந்த மாதம் முழுவதும் பிரபாகர் சார் என்னிடம் 'காலை வணக்கம்' தவிர வேறெதுவும் சொல்லவில்லை. தி. நகர் பெரிய டாக்டர் மென்பொருளை வாங்கவில்லை. செருப்பை மட்டும் கூரியரில் அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சீட்டு: "எலும்புக்கூடு நலமா?"

மாமாவை மாலைவரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். குரல் திரும்பியதும் முதல் காரியமாக, டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸிடம் ஆரம்பித்தார். "எனக்கு அப்போ வயசு இருபத்திரண்டு. திருவல்லிக்கேணில குடியிருந்தோம்." நான் பக்கத்தில் நர்சிங் ஹோமின் லேப்டாப் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் அடித்தேன். கம்பவுண்டர் பெயர், ரிக்‌ஷாக்காரர் பெயர்கூட. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு எங்கள் மென்பொருளில் நிறைய மாறியது. இரண்டு பதிவுகளைச் சேர்ப்பதென்றால் இப்போது ஒரு மனிதர் இரண்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எடையும் வயதும் பொருந்தாவிட்டால் பச்சை பட்டன் வேலையே செய்யாது. ஒவ்வாமை என்று ஒருமுறை ஏறிவிட்டால், அந்த மருத்துவமனையின் தலைமை டாக்டர் காரணம் எழுதி ஒப்புதல் தராமல் யாரும் அதை நீக்க முடியாது. இந்த மூன்றாவது விதியை நானே சண்டை போட்டுக் கொண்டுவந்தேன். அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று ஸ்டெல்லா சிஸ்டரே சொல்லியிருக்கிறார். அவர் யாரையும் சும்மா பாராட்டுகிற ரகம் இல்லை.

போன வருஷம் மாமாவுக்கு இருமல். நர்சிங் ஹோமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். விதிப்படி கேட்டாள்: "உங்களுக்கு எதாவது அலர்ஜி இருக்கா சார்?"

"ரெண்டு இருக்கு" என்றார் மாமா. "ஒண்ணு பென்சிலின். இன்னொண்ணு எங்காத்து மாட்டுப்பொண்ணோட கம்ப்யூட்டர்."

பாவம், பொறுப்பான பெண். இரண்டையும் அடித்து ஏற்றிவிட்டாள்.

இப்போது என் மாமனாரின் பதிவை யார் திறந்தாலும் திரை சிவப்பாகி, பென்சிலினுக்குக் கீழே, "மருமகளின் கம்ப்யூட்டர்" என்று கத்துகிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதைப் போனில் திறந்து காட்டுகிறார்கள். சௌந்தர் காட்டுகிறார், சிட்டு காட்டுகிறான். நீக்கச் சொல்லி முறைப்படி நானே விண்ணப்பம் போட்டேன். மூன்றாம் நாள் நர்சிங் ஹோமின் தலைமை டாக்டரிடமிருந்து பதில் வந்தது.

"நீக்க இயலாது. நோயாளிக்கு ஏற்கெனவே ஒருமுறை பாதிப்பு ஏற்பட்டுள்ளது."